பன்னிரண்டு மீன்களும் ஒரு விசாரணைக் குழுவும்

நீதியின் வரலாற்றை யாராவது பொறுப்போடு எழுத உட்கார்ந்தால், எங்கள் காப்பீட்டு அலுவலகத்து மீன்தொட்டிக்கு அதில் தனி அத்தியாயம் ஒதுக்கியே ஆக வேண்டும். செத்துப்போன ஒரு கப்பி மீனுக்காக உயர்நிலைக் குழு அமைத்த அலுவலகம் எங்களுடையது. அந்தக் குழுவுக்குக் குறிப்பெழுதும் பேறு, வேலையில் சேர்ந்து நாற்பது நாளே ஆன எனக்கு வாய்த்தது. கையெழுத்து நன்றாக இருக்கிறதாம்.

தொட்டி, வரவேற்பு மேசை அக்காவின் வளர்ப்பு. அடியில் மண் பரப்பி, பச்சைப் பசேலென்று செடி நட்டு, பன்னிரண்டு கப்பிகளை விட்டு இரண்டு வருடமாகப் பார்த்துவந்தார். திங்கட்கிழமை காலை அதில் ஒன்று மல்லாந்து மிதந்தது.

"வயசாயிடுச்சு சார்," என்றார் அக்கா.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வயசானா ஓய்வு வாங்கிட்டுப் போகணும்மா. ஆபீஸ் நேரத்துல சாகறதா?"

குழு அங்கேயே பிறந்தது. தலைவர் மேலாளர், உறுப்பினர் தணிக்கையாளர். வெள்ளிக்கிழமைக்குள் சாவுக்குக் காரணம் தெரியாவிட்டால், வரவேற்பு மேசை அக்கா அடித்தளத்துப் பழைய கோப்பு அறைக்கு மாற்றப்படுவார் என்றும் ஆணை பிறந்தது.

குழு முதல் நாளே வடிகட்டியைக் கைப்பற்றியது. ஓடிக்கொண்டிருந்ததைப் பிடுங்கி, பழுப்பு உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, "சான்று ஒன்று" என்று என்னை எழுதச் சொன்னது.

அக்கா பதறினார். "சார், அந்த ஸ்பாஞ்சுலதான் நல்ல கிருமி இருக்கு. மீனோட கழிவ அதுதான் தின்னும். எடுத்துட்டா தண்ணியே விஷமாயிடும்."

தணிக்கையாளர் நாற்காலியைச் சற்றே பின்னால் நகர்த்திக்கொண்டார். "ஆபீஸ்ல கிருமி வளர்த்தீங்களா?"

"நல்ல கிருமி சார்."

"தம்பி, எழுதிக்கோ. ஒப்புதல் வாக்குமூலம்."

புதன்கிழமை நான்கு மீன்கள் செத்தன. மிச்சமிருந்தவை நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. குழு நெகிழ்ந்துபோனது.

"ஏதோ சொல்ல வருது பாருங்க," என்றார் மேலாளர்.

"மூச்சு முட்டுது சார்," என்றார் அக்கா.

"சாட்சி பேசறப்ப குறுக்க பேசாதீங்கம்மா."

சாட்சிகள் சொல்வது காதில் விழவில்லை. காற்றுக் குமிழி விடும் மோட்டார்தான் இரைகிறது என்று கண்டறிந்து, அதை நிறுத்தி, "சான்று இரண்டு" ஆக்கினார்கள். நான் பணிவோடு குறித்தேன்: 'வாய் திறந்தது. சொல் வரவில்லை.'

வியாழனன்று, செடிகளுக்குள் ஆதாரம் பதுங்கியிருக்கக்கூடும் என்று தணிக்கையாளர் சட்டைக் கையை மடித்துவிட்டு, வேரோடு பிடுங்கினார். தொட்டி சேற்றுக் குளமாயிற்று. விசாரணை தெளிவடைந்துவருவதாக மேலாளர் சுற்றறிக்கை அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை வருகைப் பதிவு எடுத்தோம். திங்களன்று போனதையும் சேர்த்து, இறந்தவை பதினொன்று. ஒன்றைக் காணோம்.

தேடினோம். நகல் எடுக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் வாளி. அதில் ஒரு பிடி செடி. அதற்கடியில் வயிறு பெருத்த ஒரு கப்பி, யாருக்கும் பயப்படாமல் உலாவிக்கொண்டிருந்தது.

தணிக்கையாளர் ஆடிப்போனார். "உயிரோட இருக்கே! யாரைக் கேட்டு?"

"நான்தான் சார்," என்றார் அக்கா. "நீங்க அரக்கு காய்ச்சப் போனப்ப ஸ்பாஞ்சுல ஒரு துண்டு வெட்டி வெச்சுக்கிட்டேன். இது ஒண்ணாவது பொழைக்கட்டுமேன்னு."

சான்றைச் சிதைத்தது, சாட்சியைக் கடத்தியது என்று குற்றங்கள் மளமளவென்று சேர்ந்தன. குழுவின் அறிக்கையை என் அழகிய கையெழுத்திலேயே எழுதினேன்: 'பதினோரு மீன்கள் விசாரணைக்கு முழு ஒத்துழைப்பு நல்கி உயிர்நீத்தன. ஒரு மீன் மட்டும் கடைசிவரை ஒத்துழைக்க மறுத்துவிட்டது. காரணம்: வரவேற்பு மேசை.'

அக்கா ஒரு கையில் மாற்றல் ஆணையும் மறுகையில் வாளியுமாக அடித்தளத்துக்கு இறங்கினார்.

பத்து நாள் கழித்து ஒரு பழைய கோப்பு எடுக்க நான் கீழே போனேன். வாளிக்குள் கடுகு கடுகாக ஏதோ துள்ளியது. கப்பி குட்டி போட்டிருந்தது. பத்தொன்பது எண்ணினேன்; அதற்குமேல் நிற்க மாட்டேனென்றன.

"மேல சொல்லிடாதேப்பா," என்றார் அக்கா. "உனக்குப் புண்ணியமா போகும்."

மாடியில் மேலாளர் வழிமறித்தார். "கீழ அந்த மீன் எப்படி இருக்கு? குழு ஒரு நடை வந்து பார்க்கணுமா?"

"செத்துப்போச்சு சார்."

அவர் முகம் மலர்ந்தது. என் தோளில் கை போட்டார். "பாத்தியா, பன்னெண்டும் முடிஞ்சுது. நம்ம குழு மட்டும் இல்லேன்னா இது நடந்திருக்குமா, சொல்லு."

"நடந்திருக்காது சார்," என்றேன்.

அன்று அவரிடம் நான் சொன்ன ஒரே உண்மை அது.