மூன்றாம் ஓலையன்று நான் எழுந்து நின்றது

எழுத்து எனக்குச் சரியாக வராது. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அடுப்பில் வைத்த பாலையே மறந்துபோகிறவள், பழைய விஷயத்தை ஒழுங்காகச் சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் இந்தக் கதையை ஊரில் அவரவர் இஷ்டத்துக்குக் கை கால் வைத்துச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவமானப்பட்டவளே ஒருமுறை எழுதிவைத்தால் நல்லது என்று தோன்றியது.

அச்சில் வந்தது பொய்யாக இருக்கலாம் என்று எனக்கு யாருமே சொல்லித்தரவில்லை. அதுவரை நான் அச்சில் படித்தவை ஞானோபதேசப் புத்தகம், மரண அறிவித்தல், மாத்திரைப் பெட்டி. இதில் எது பொய், சொல்லுங்கள்.

என் மகள் மெடில்டா ஹட்டனில் ரீச்சர். அவள் ஒரு நாவல் எழுதி, அது புத்தகமாகவே வந்துவிட்டது. அட்டையில் அவள் பெயர். நான் அதைக் கையில் வாங்கி, முகர்ந்து பார்த்து, மாதா படத்துக்குக் கீழே வைத்துவிட்டேன். சளி பிடித்தால் நான் மூக்கைச் சிந்திவிட்ட பிள்ளை, இத்தனை சொல்லையும் எங்கே ஒளித்து வைத்திருந்தாள் என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

"கும்புடறதுக்கு இல்லம்மா, படிக்கிறதுக்கு" என்றாள். "நம்ம சித்தி கததான்."

சித்தி என்றால் என் தங்கை பிலோமினா. சின்ன வயதில் அவள் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்து லொறி ஓட்டிய சவரிமுத்துவுக்கும் அவளுக்கும் விருப்பம். எங்கள் அந்தோணி அண்ணன் கணக்கப்பிள்ளை. தோட்டத்தில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலைக்கு அனுப்புவதுபோல வீட்டிலும் எங்களை நிறுத்திவைத்தவர். லொறிக்காரனுக்குப் பெண் இல்லை என்றார். சவரிமுத்து உடப்புசல்லாவைக்குப் போய், அவர் அம்மா பார்த்த பெண்ணைக் கட்டினார். பிலோ கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டாள்.

காலம் போய், மனைவியும் இறந்து, தலை நரைத்து சவரிமுத்து எங்கள் லிந்துலைக்குத் திரும்பி வந்தார். ஆட்டோ ஓட்டினார். ஒருநாள் மழைக்கு எங்கள் பிலோ ஓடிப்போய் ஏறியது அந்த ஆட்டோவில். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "எங்க இறங்கணும்?" என்று கேட்டாராம். இவள், "ஒங்களுக்குத் தெரியாதா?" என்றாளாம். (இரண்டு பேருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. வாயைப் பாருங்கள்.)

பேச்சு கல்யாணம் வரை வந்தது. அண்ணன் மட்டும், "இந்த வயசுல என்னா கூத்து" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோயிலில் ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். எங்கள் வேதத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண் மாப்பிள்ளை பெயரை வாசித்து, ஏதாவது தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் அறிவிப்பார். யாரும் வாய் திறந்ததாக எங்கள் கோயிலில் சரித்திரமே இல்லை.

அதே நாட்களில்தான் நான் நாவலைப் படித்துக்கொண்டிருந்தேன். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போனால் பெரிது. மழை, ஆட்டோ, கண்ணாடி, எல்லாம் அப்படியே இருந்தது. பிலோவுக்கு ஸ்டெல்லா என்றும் அவருக்கு மரியதாஸ் என்றும் பெயர். ஊர்வாய்க்குப் பயந்து பிள்ளை பெயரை மாற்றியிருக்கிறாள் என்று மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் ஓலைக்கு முதல்நாள் மத்தியானம் அந்த இடம் வந்தது. உடப்புசல்லாவையில் ஒரு லயம், தோட்டத்து வரிசை வீடு. வாசலில் ஒரு பெண், கழுத்தில் தாலியோடு, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு மரியதாஸ் வருவாரா என்று பாதையைப் பார்த்து நிற்கிறாள்.

புத்தகத்தை அந்தப் பக்கத்தோடு மூடி மாதா படத்துக்குக் கீழே வைத்துவிட்டேன். மனைவி செத்துப்போனாள் என்று சவரிமுத்து சொன்னது பொய். அவள் நிற்கிறாள். அச்சிலேயே நிற்கிறாள்.

மகளைக் கேட்கலாம் என்றால் அவள் பயிற்சி வகுப்புக்குக் கொழும்பு போயிருந்தாள். போனில் கேட்கலாம்தான். ஆனால் எங்கள் லயத்தில் சிக்னல் கிடைப்பது பைப்படியில் மட்டும். அங்கே தண்ணீருக்கு வாளியோடு நிற்கிற அத்தனை பெண்கள் முன்னால், "சவரிமுத்துவுக்கு இன்னொரு பொஞ்சாதி இருக்காளா?" என்று கத்திக் கேட்க முடியுமா? பிலோவோ பக்கத்துக் காம்பராவில் கல்யாணச் சட்டைக்குக் கொக்கி தைத்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். அவள் பாடி நான் கேட்டதே இல்லை. எப்படிச் சொல்வேன்?

ஞாயிறு பூசையில் சாமியார் மூன்றாம் ஓலையை வாசித்தார். "தடை ஏதும் தெரிந்தவர்கள்" என்று சொல்லி வாய் மூடவில்லை, நான் எழுந்து நின்றேன்.

நான் சங்கக் கூட்டத்தில் தேநீர் போதாது என்றுகூடச் சொல்லாதவள். பஸ்சில் இறங்குமிடம் வந்தால் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஹோல்ட் வரை போனவள். என் கால் எப்படி எழுந்தது என்று இன்றுவரை தெரியாது.

"இருக்கு சாமி."

என் குடை விழுந்தது. பாட்டுக்காரப் பிள்ளைகள் திரும்பினார்கள். முன் வரிசையில் பிலோவின் முக்காடு மட்டும் அசையவில்லை. சாமியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பூசை முடிஞ்சு உள்ளுக்கு வாங்கம்மா" என்றார். மிச்சப் பூசை முழுக்க அண்ணன் என்னை மரியாதையாகப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவை.

பூசை உடுப்பு மாற்றுகிற அந்தச் சின்ன அறையில் சாமியார், அண்ணன், சவரிமுத்து, பிலோ, நான்.

"என்னா தடை, ரீத்தம்மா?"

"அவுங்க சம்சாரம் உயிரோட இருக்கு சாமி."

"யாரு சொன்னா?"

"புத்தகத்துல இருக்கு."

சாமியார் பதறிப்போய் கோயில் பதிவுப் புத்தகத்தை எடுத்தார். "அது இல்ல சாமி. மெடில்டா புத்தகம்."

சாமியார் அந்தப் பதிவுப் புத்தகத்தை மூடிவைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அம்மா, நீங்க எத்தனையாம் பக்கத்துல நிக்கிறீங்க?"

"அந்தப் பொம்பள வாசல்ல நிக்கிற பக்கம் சாமி."

"அடுத்த பக்கத்த திருப்பலையா? அது அவரு தம்பி பொஞ்சாதி. தம்பி வெளிநாட்டுல. கடுதாசி கொண்டாருவாருன்னு நிக்கிது." (சாமியார் இரண்டு தரம் படித்திருக்கிறார். பிறகு ஒப்புக்கொண்டார்.) "அதோட, இவரு சம்சாரம் மோசம்போனதுக்கு மரணப் பத்திரம் என் மேசையில இருக்கு. அது இல்லாம நான் ஓலை வாசிப்பேனா?"

தரை பிளந்தால் உள்ளே போயிருப்பேன். சவரிமுத்து சிரிப்பை அடக்க முடியாமல், "அக்கா, நானே அந்தப் பக்கத்த படிச்சிட்டு, எனக்கு அப்படி ஒருத்தி இருக்காளான்னு யோசிச்சேன்" என்றார்.

"அப்ப கல்யாணம் நிக்காதா?" என்றார் அண்ணன்.

அப்போதுதான் பிலோ வாய் திறந்தாள். என்னை ஏசப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அண்ணனைப் பார்த்துத்தான் பேசினாள்.

"உடப்புசல்லாவை கோயில்ல இவருக்கு ஓலை வாசிச்சன்னைக்கு நான் போயிருந்தேண்ணே. கடைசி பெஞ்சில உட்கார்ந்திருந்தேன். எந்திரிக்கணும்னு தான் போனேன். கால் வரல்ல. எனக்காக எந்திரிக்க ஒருத்தரும் இருக்கல. இன்னைக்கு இந்தப் பயந்தாங்கொள்ளி எந்திரிச்சா பாருங்க. நான் ஏமாந்துறக் கூடாதுன்னு." பிறகு என் குடையை என் கையில் கொடுத்தாள். "நீங்க வந்து கையப் புடிச்சு குடுக்கிறீங்களா, இல்ல அக்காவ குடுக்கச் சொல்லவா?"

அண்ணன் வந்து கொடுத்தார். புது வேட்டியோடு.

இப்போது எங்கள் வீட்டில் நான் எதற்காவது பதறினால், விலைவாசியோ வயிற்றுவலியோ, சின்னதுகள்கூடக் கேட்பது ஒன்றுதான்: "எத்தனையாம் பக்கம்?" கல்யாணங்களில் தடை கேட்கும்போது சாமியார் ஒரு கண்ணை என் மேல் வைத்தே கேட்கிறார்.

நாவலைப் பிறகு முடித்துவிட்டேன். கடைசிப் பக்கங்களில் ஸ்டெல்லாவும் ஒரு கோயிலில், கடைசி பெஞ்சில், எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். அதனால் எனக்கு ஒரு குழப்பம். பிலோ அப்படிச் சொன்னதை அந்த அறையில் என் காதால் கேட்டேனா, புத்தகத்தில் விரல் வைத்துப் படித்தேனா? அவளைக் கேட்டால் சிரிக்கிறாள்.

மெடில்டா, இதை ஒருதரம் பார். எது நடந்தது, எது நீ எழுதியது என்று ஓரத்தில் குறித்துவை. அந்தக் கடைசி பெஞ்சு மட்டும், நீ எழுதியதாகவே இருந்தாலும், வெட்டிவிடாதே.