உப்பு சிஸ்டரும் ஒன்பதே கால் மணியும்

விருதுநகரில் பிள்ளை பெற்றவரா நீங்கள்? உப்பு சிஸ்டரிடம் திட்டு வாங்கவில்லை என்றால் நம்பவே மாட்டேன். உங்கள் பிள்ளை வெளியூரில் பிறந்திருக்கும்.

எங்கள் ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் அவர் தலைமை நர்ஸ். சொந்தப் பெயர் என்ன என்று யாருக்கும் தெரியாது. கோட்டுப் பையில் எப்போதும் ஒரு உப்புப் பொட்டலம் இருக்கும். நல்ல நேரம் பார்த்து ஆபரேஷன் கேட்டு வருகிறவர் உள்ளங்கையில் ஒரு வெள்ளரித் துண்டை வைத்து, உப்பைத் தூவி, "பத்து நிமிஷம் அசையாம நில்லுங்க" என்பார். பட்டாசுக் கம்பெனி முதலாளி ஒருவர் ஒரு கையில் வெள்ளரியும் மறு கையில் போனுமாக நின்றே தீபாவளி ஆர்டரைப் பேசி முடித்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

துண்டு தண்ணீர் விட்டதும் பாடம் ஆரம்பம். "பாத்தீகளா? உப்பு இருக்கிற பக்கம் தண்ணி ஓடும். வயித்துக்குள்ள பிள்ளையோட நுரையீரல் பூராம் தண்ணிதான். அதுவே சுரக்கிற தண்ணி. வலி எடுத்தாத்தான் உள்தோலு சுரக்கிறத நிப்பாட்டி, உப்ப உறிஞ்சி ரத்தத்துக்குத் தள்ளும். பின்னாலயே தண்ணியும் போயிரும். வலி வருமுன்ன கத்திய வச்சா அம்புட்டுத் தண்ணியும் எங்கன போகும்?"

என் முறை வந்தபோது நான் அந்தத் துண்டைத் தின்றுவிட்டேன். திமிர்தான், வேறென்ன? சிவகாசியில் தினசரி காலண்டர் தாளுக்குப் பிழை திருத்துவது என் பிழைப்பு. ராகு காலம், எமகண்டம் எல்லாம் ஊருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். என் மனைவி செல்வியின் வயிற்றில் பிள்ளை தலைமாறிக் கிடந்ததால் ஆபரேஷன்தான் என்று முடிவாகியிருந்தது. டாக்டரம்மா இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னார். நான் கேட்கவில்லை. புதன்கிழமை, வளர்பிறை முகூர்த்தம், ஒன்பதே காலிலிருந்து பத்தே காலுக்குள் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

ஒன்பது நாற்பதுக்கு மகள் பிறந்தாள். ஒரே ஒரு அழுகை. அப்புறம் மூச்சுக்கு மூச்சு முனகல்தான். மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து, விலா உள்ளே இழுத்தது. ஆக்சிஜன் வைத்தார்கள்.

"நிமிஷத்துக்கு எண்பத்தெட்டு மூச்சு. அறுபதுக்குள்ள இருக்கணும்" என்றார் சிஸ்டர். அவ்வளவுதான். ஒரு திட்டும் இல்லை.

"திட்டுங்க சிஸ்டர்" என்றேன்.

"இப்ப நேரமில்ல. தள்ளி நில்லுங்க."

குழந்தை டாக்டர் வந்து பார்த்தார். நுரையீரலில் நின்ற தண்ணீர், பெரும்பாலும் தானே வடிந்துவிடும் என்றார். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் மதுரைக்குத்தான், மூச்சு மிஷினில் வைக்க வேண்டும் என்றும் சொன்னார். வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

சிஸ்டர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தார். பன்னிரண்டு மணிக்குத் தொண்ணூற்றிரண்டு. வார்டில் செல்வி, "பிள்ளைய ஏன் இன்னும் காட்ட மாட்டேங்கிறீக? எங்கிட்ட எதையும் மறைக்கிறீகளா?" என்று கேட்டாள். நாள் குறித்தவன் நான், என்னத்தைச் சொல்ல? குளிப்பாட்டுகிறார்கள் என்றேன். மறுபடி கேட்டபோதும் அதையேதான் சொன்னேன்.

இரண்டு மணிக்கு சிஸ்டரின் டியூட்டி முடிந்தது. எழுந்திருக்கவில்லை. சோறு கொண்டுவந்த ஆயாவை ஒரு முறைப்பு முறைத்தார். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறு. எண்பத்தொன்பது. மறுபடி தொண்ணூறு.

"உறிஞ்சு தாயி, உறிஞ்சு. உப்ப இழு, தண்ணி தானா வரும்" என்று என் மகளிடம் அவர் கெஞ்சியது எனக்குக் கேட்டது. யாரிடமும் கெஞ்சி அறியாத வாய் அது.

நாலு மணிக்கு எண்பது. அஞ்சரைக்கு அறுபத்தாறு. முனகல் நின்றது. ஆறரைக்கு ஒருமுறை எண்ணினார். நம்பாமல் மறுபடி எண்ணினார். ஐம்பத்தாறு.

கதவைத் திறந்து வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "வடிஞ்சிருச்சு. போய் செல்விகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா அழுதுருவேன்."

ஓடினேன். பாதி வழியில் திரும்பி வந்தேன். "நீங்களும் வாங்க சிஸ்டர், சேர்ந்தே அழுவோம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன்.