வால் பாரம்

அன்றைக்கு அந்த வயலில் இருந்தவர்கள்: ஒலிபெருக்கியோடு பொம்மை ராக்கெட் கிளப்பின் தலைவி மார்ஜி, ஹாட் டாக்கோடு டெரல், மடக்கு நாற்காலிகளில் அவரவர் ராக்கெட்டைக் கைக்குழந்தை மாதிரி மடியில் போட்டுக்கொண்டு மற்ற உறுப்பினர்கள், பாதுகாப்புப் பரிசோதகர் வெண்டல். இல்லாதவர், வயலுக்குச் சொந்தக்காரர் ஓட்டோ யான்ட்சன். அவர் வராமலிருப்பதுதான் எல்லாருக்கும் நல்லது.

கோதுமை அறுத்த கையோடு வயலை அவர் கிளப்புக்கு விட்டிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை.

"என் கொட்டகைப் பக்கம் ஒரு துண்டு விழுந்தாலும் அதோட சரி. மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போயிடணும்."

கான்சஸில் வயலுக்கா பஞ்சம்? பஞ்சமில்லை. ராக்கெட் விடக் கொடுப்பவர்தான் இல்லை. மற்ற விவசாயிகள் எல்லாரும் கிளப்பை ஏற்கெனவே துரத்தியாயிற்று. இதுவும் போனால் கிளப்பும் போயிற்று.

அதனால்தான் வெண்டல் காலையிலிருந்து கொட்டகையையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கட்டியிருந்தது ஒரு பழைய சினிமாவில் வில்லன் ஏறி வரும் விண்கலம். கடையில் பெட்டிக்குள் துண்டு துண்டாக விற்பதை வாங்கி ஒட்டியது. பின்னால் அலங்காரத்துக்கு நான்கு பூதாகர எஞ்சின்கள், முன்னால் கொசு மூக்கு. சினிமாக்காரனுக்கு என்ன, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுப் படம் பிடித்துவிடுவான். காற்றில் பறக்க வைப்பது வெண்டலின் தலையெழுத்து. போதாக்குறைக்கு, எஞ்சினில் ஆணிகூடத் தெரிய வேண்டும் என்று பசையும் பெயின்டுமாக அப்பியிருந்தான்.

காருக்குப் பின்னால் மறைந்து நின்று, விண்கலத்தின் இடுப்பில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுழற்றினான். மூக்கு முன்னால் போனால் ராக்கெட் ஒழுங்காகப் பறக்கும். வெண்டலின் விண்கலம் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு போனது. வால் பாரம்.

மூக்குக்குள் களிமண் அடைத்தான். இப்போது சரியாகச் சுழன்றது. ஆனால் தூக்கினால் செங்கல். கொண்டுவந்த மருந்து அடைத்த மோட்டார் இதைக் கிளப்பாது. டெரலிடம் போனான்.

"ஒரு மோட்டார் குடேன். பெரிசா."

"எதுக்கு? கார் ஸ்டார்ட் ஆகலையா?"

"விளையாடாதே டெரல்."

"இந்தா. இது உன் வீட்டையே தூக்கும்."

பெரிய மோட்டார் கனமான மோட்டார். அது உட்காரும் இடம் வால். மறுபடி பின்புறம். மறுபடி களிமண். களிமண் தீர்ந்ததும் மீன் தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டுகளைத் திணித்தான். கனம் தாங்காமல் மூக்கு கழுத்தோடு ஆடியது. டேப் சுற்றினான். சுற்றி முடித்தபிறகுதான் உறைத்தது: மேலே போனதும் அந்த மூக்கு கழன்றால்தான் பாராசூட் வெளியே வரும்.

டேப்பைப் பிரித்தால் மூக்கு விழும். பிரிக்காவிட்டால் எல்லாமே விழும்.

இன்றைக்கு ராக்கெட் விடாமல் விலகிவிடலாம்தான். ஆனால் போன மாதம் மார்ஜியின் ராக்கெட்டை, "வால் பாரம், எடுத்துட்டுப் போங்க" என்று எல்லார் முன்னாலும் திருப்பி அனுப்பியவன் அவன். மார்ஜி அதை மறக்கிற ரகம் இல்லை.

பரிசோதகரின் ராக்கெட்டை இன்னொருவர் பரிசோதிக்க வேண்டும் என்பது கிளப் சட்டம். டெரலும் இன்னொருவன்தானே.

"சுத்திப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"நேராப் போச்சா?"

"கடைசியில போச்சு."

"கடைசியிலன்னா?"

"கையெழுத்தைப் போடுடா."

கடுகுச் சாஸ் ஒட்டிய விரலோடு டெரல் கையெழுத்துப் போட்டான்.

"அடுத்து, நம்ம பரிசோதகர் வெண்டல்!" ஒலிபெருக்கியில் மார்ஜி கொஞ்சம் அதிகமாகவே இனித்தாள். "பாதுகாப்புன்னா என்னன்னு பார்த்துக் கத்துக்குங்க!"

எண்ணினார்கள். வெண்டல் பொத்தானை அழுத்தினான். விண்கலம் சீறிக்கொண்டு நேராக எழுந்தது. கைதட்டல் கேட்டது. பனைமர உயரம் போனதும் எதையோ மறந்து வைத்துவிட்டு வந்த மாதிரி ஒரு கணம் தயங்கியது. அப்புறம் படுத்துக்கொண்டு வயலுக்குக் குறுக்கே, வேலிக்கு மேலே, யான்ட்சனின் கொட்டகையைப் பார்த்துப் பறந்தது. கொட்டகையின் பரண் கதவு திறந்திருந்தது. கேட்காமல் கொள்ளாமல் உள்ளே போய்விட்டது.

ஏதோ தகரம் உருண்டது. புகை வருகிறதா என்று எல்லாரும் பார்த்தார்கள். வரவில்லை.

"செத்தோம்" என்றாள் மார்ஜி. ஒலிபெருக்கியை அணைக்க மறந்திருந்தாள்.

"எல்லாரும் சேர்ந்து போய் மன்னிப்புக் கேட்டுக்கலாமா?" என்றான் வெண்டல்.

"கூட்டமாப் போனா துப்பாக்கியை எடுப்பாரு. நீ மட்டும் போ."

"நான் கையெழுத்துப் போட்டதைச் சொல்லிடாதே" என்றான் டெரல்.

வீட்டுக் கதவைத் திறந்தது யான்ட்சனின் மனைவி ரோவீனா. கையெல்லாம் மாவு. அவன் தொப்பியில் இருந்த கிளப் பெயரைப் படித்தாள்.

"உன்னுதா அது?"

"ஆமா மிஸஸ் யான்ட்சன். தப்பு முழுக்க என்னுதுதான். கிளப்பை மட்டும் துரத்திடாதீங்க. வேணும்னா நான் விலகிடறேன்."

"நீயே கட்டினதா?"

"நானேதான்."

"வேற யாரும் உதவி பண்ணலியே?"

"இல்லீங்க." டெரலைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"சரி, கூட வா."

"அவரு எங்க இருக்காரு?"

"கொட்டகையில."

"ரொம்பக் கோபமா?"

"காலையிலேருந்து சாப்பிடக்கூட வரல."

வெண்டலின் கால்கள் அவனைக் கேட்காமலேயே மெதுவாக நடந்தன. ரோவீனா கொட்டகைக் கதவை இழுத்துத் திறந்தாள். உள்ளே ஒரே இருட்டு. பசை நாற்றம் அடித்தது. தூரத்தில், கவிழ்த்த வாளி மேல் யாரோ முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"எத்தனை பேர் வந்திருக்காங்க?" என்று அந்த முதுகு கேட்டது.

"ஒருத்தன்தான்."

"நல்லது. கதவைச் சாத்து."

ரோவீனா வெண்டலை முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினாள்.

"நீங்க பார்த்துச் சிரிச்சிடுவீங்கன்னுதான் இந்தப் பக்கமே வரக் கூடாதுன்னாரு. இதே விண்கலத்தை இவரும் நாலு கட்டியாச்சு, ஒண்ணுகூட வாசப்படி தாண்டல, உன்னுது வேலி தாண்டி வந்திருக்கு, அதனால இவருக்குச் சொல்லிக்கொடுக்காம நீ வெளிய வரமுடியாது" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டாள்.