ஹெல்மெட்டும் வளைகாப்புப் படங்களும்

ஆரணியில் கம்ப்யூட்டர்களுக்கே பயம் காட்டியவர் ஹெல்மெட் ஒருவர்தான். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. ரிப்பேருக்கு வந்தால் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றவே மாட்டார். கேட்டால், "ஜல்தியா கிளம்பணுங்க" என்பார். சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பார். டீயைக்கூட முகக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுத்தான் குடிப்பார்.

நான் ஒரு பட்டுப்புடவைக் கடையில் பார்டர் டிசைன் வரைகிறவன். எங்கள் டிசைன் எல்லாம் முதலாளி அறைக் கம்ப்யூட்டரில் ஒரே ஃபோல்டரில் கிடந்தன. நாங்கள் நெட்வொர்க் வழியாக அதைத் திறக்க வேண்டும். கொஞ்ச நாளாக, கிளிக் செய்தால் பச்சைக் கோடு அடி அடியாக நகர்ந்து பாதியில் படுத்துவிடும்.

அன்றைக்கு வந்தவாசியிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்து, மூத்த பெண்ணுக்கு நெய்த அதே பார்டர் வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஃபோல்டர் திறக்கவில்லை.

"காட்டுறீங்களா, காஞ்சிபுரம் பஸ் ஏறட்டுமா?" என்றார் பெண்ணின் அம்மா.

முதலாளி போனில் அலறினார். ஹெல்மெட் வந்தார். முதலில் ஒரு பெரிய வீடியோவை முதலாளியின் கம்ப்யூட்டரிலிருந்து என்னுடையதற்கு இழுத்துப் பார்த்தார். சட்டென்று வந்து விழுந்தது.

"ஒயர் நல்லாத்தான் ஓடிகினு இருக்கு. ஃபோல்டர் உள்ளதான் கும்பல். ஒவ்வொரு படத்துக்கும் குட்டிப் படம் காட்டிகினு மூச்சு வாங்குது. யாருங்க கண்டதையும் கொட்டினது?"

நாங்கள் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தோம். அவர் குட்டிப் படங்களை நிறுத்தி, பெயர் மட்டும் தெரிகிற மாதிரி மாற்றினார். ஃபோல்டர் திறந்தது. டிசைன்களுக்கு நடுவே முதலாளி மகளின் வளைகாப்பு, ஆயிரக்கணக்கான படங்களாக!

"பத்திரமா இருக்கட்டும்னு நான்தாம்பா போட்டேன்" என்றார் முதலாளி.

"ஏங்க, வளைகாப்புக்கும் பார்டருக்கும் இன்னாங்க சம்பந்தம்?"

"யோவ், நான் முதலாளியா, நீ முதலாளியா?"

"கடைக்கு நீங்க. ஃபோல்டருக்கு நான்."

வளைகாப்பைத் தனி ஃபோல்டருக்கு நாடு கடத்தினார். டிசைன்களை வருஷவாரியாகப் பிரித்தார். எல்லாம் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று ஒரு வளைகாப்புப் படத்தைத் திறந்தபோது, பின்னால் நின்ற பெண்ணின் அம்மா துள்ளினார். "பழைய பார்டர் வேணாங்க. இந்தப் பொண்ணு கட்டிகினு இருக்குதே, இதே புடவைதான் வேணும்!"

மலர்ந்த முதலாளி முகம் அதே வேகத்தில் வெளுத்தது. அந்தப் புடவை சென்னைக் கடை ஒன்றில் எடுத்தது. கடையில் எல்லோருக்கும் தெரியும்.

"நம்ம தறியில நெய்ஞ்சதுதாங்க" என்றார் முதலாளி, கண் இமைக்காமல்.

ஹெல்மெட் சட்டென்று முகக் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். சத்தம் வரவில்லை. ஹெல்மெட் மட்டும் குலுங்கியது.

படத்தைப் பார்த்து நான் பார்டர் வரைந்தேன். ஆர்டர் கைக்கு வந்தது. ஆனால் வந்தவர்கள் முன்னால் மானத்தை வாங்கிவிட்டான் என்று முதலாளி ஹெல்மெட்டை நிறுத்திவிட்டு, வெளியூர் கம்பெனி ஒன்றை அமர்த்திவிட்டார். அவர்கள் தூரத்திலிருந்தே சரிசெய்கிறார்கள். ரொம்ப மரியாதை. புகார் எண்கூடத் தருகிறார்கள்.

ஹெல்மெட்டை நான் இப்போதும் போனில் கூப்பிடுகிறேன். "இன்னா பண்ணித் தொலைச்சீங்க?" என்றபடிதான் எடுப்பார். ஃபோல்டர் மின்னல் மாதிரி திறக்கிற நாட்களிலும் கூப்பிடுகிறேன்.