நீல வெளிச்சப் பெட்டியும் என் மதினியின் ஐந்து விரல்களும்

என் முகத்தைக் கெடுத்தது என் மதினிதான். சும்மா சொல்லவில்லை. அவருடைய ஐந்து விரல்களும் என் இடது கன்னத்தில் மாதக்கணக்கில் பதிந்து கிடந்தன. ஊரே பார்த்தது. கல்யாண ஆல்பத்திலும் இருக்கிறது. இருந்தும் "நான் என்ன செஞ்சேன், அவ தோலு அப்படி" என்று சொல்லிக்கொண்டுதான் திரிகிறார்.

இதைப் படிக்கும்போது சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னைச் சுட்ட அந்தப் பெட்டி இன்னும் ஏதோ ஒரு கடையில் எரிந்துகொண்டிருக்கிறது. அதற்குள் எவளோ ஒருத்தி போய்ப் படுக்கிறாள். என் பிரச்சினை அதுதான்.

நான் கறுப்பு. (தரகர் 'மாநிறம்' என்று சொன்னது தரகுக்காக.) சுருளிப்பட்டியில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். காலேஜில் இயற்பியல் படித்துவிட்டு, கம்பத்தில் ஒரு உரக்கடையில் வேலை பார்த்தேன். மருந்து டப்பாவில் இருக்கும் எச்சரிக்கையை விவசாயிகளுக்கு வாசித்துக் காட்டி, "கையுறை போடாம அடிக்காதீங்கண்ணே" என்று அதட்டுவேன். புற ஊதாக் கதிர்களைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதிப் பாஸ் செய்தவள். இந்தத் தகுதிகளோடுதான் பெட்டிக்குள் படுத்தேன்.

உத்தமபாளையத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை கிளம்பும்போது வெற்றிலையை மடித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார். "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. நெறந்தான் கொஞ்சம் மட்டு."

அவ்வளவுதான். சம்பந்தம் பேசி முடித்தாயிற்று, தேதி குறித்தாயிற்று. ஆனால் அந்த ஒரு வார்த்தை எங்கள் வீட்டில் நுழைந்து கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டது. அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. (மாப்பிள்ளை என்னைவிடக் கறுப்பு. அதை எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. ஆம்பளைக்கு என்ன.)

அப்போது களத்தில் இறங்கியவர் மதினி. என் அண்ணன் மனைவி. கம்பத்தில் பியூட்டி பார்லர் வைத்திருந்தார். கேரளாப் பக்கம், மலை மேலே ஒரு ரிசார்ட்டை இழுத்து மூடி, சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். நாற்காலி வாங்கப் போன மதினி, குட்டியானை வண்டியில் ஒரு ராட்சசப் பெட்டியோடு திரும்பினார். நாலைந்து பேர் சேர்ந்து இறக்கினார்கள். ஆள் நீளத்துக்கு ஒரு கட்டில், அதற்கு மேலே அதே அளவில் ஒரு மூடி, இரண்டிலும் வரிசையாக டியூப் லைட்டுகள். பிணப்பெட்டிக்குக் கரண்டு கொடுத்தது மாதிரி இருந்தது.

"என்ன மதினி இது?"

"வெள்ளைக்காரவுக படுக்குற மெஷினு."

"எதுக்குப் படுக்குறாக?"

"எதுக்குப் படுப்பாக, வெள்ளையாகத்தான்."

"அவுகதான் ஏற்கெனவே வெள்ளையா இருக்காகளே."

"அதத்தான நானும் சொல்றேன். எப்படி வெள்ளையா இருக்காக? இதுல படுத்துப் படுத்துத்தான். அங்கன செவுத்துல போட்டோவே மாட்டியிருந்தாக. ஒருத்தி உள்ள படுத்துச் சிரிக்கிறா. சுண்ணாம்பு கணக்கா இருக்கா."

உண்மை என்னவென்று பிறகுதான் தெரிந்தது. மழைக்காலத்தில் எண்ணெய் வைத்தியத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு வெயில் கிடைக்காது. வெளுத்த உடம்போடு ஊர் திரும்பினால் லீவுக்குப் போனதாகவே யாரும் நம்ப மாட்டார்களாம். அதனால் தோலைக் கறுக்க வைப்பதற்காக அந்தப் பெட்டியை வரவழைத்திருந்தார்கள். கறுக்க வைப்பதற்காக. அவர்கள் விரும்பிக் கேட்டு வாங்கிய நிறத்தைப் போக்குவதற்கு நான் அதே பெட்டிக்குள் போனேன்.

மதினி சுவிட்சைப் போட்டார். ஊதாவும் நீலமுமாக வெளிச்சம் பரவியது.

"ஏத்தா ஈஸு, ஒங்கப்பா வேட்டி வெளுக்க என்ன போடுவ?"

"நீலம்."

"இந்த வெளிச்சம் என்ன கலரு?"

"நீலம்."

"பெறகு என்னத்தப் பேசிக்கிட்டு. போயி படு."

நான் படித்த இயற்பியல் முழுவதும் அந்தச் சொட்டு நீலத்தில் கரைந்துபோனது. பெட்டியின் பக்கவாட்டில் மஞ்சள் நிறத்தில் ஏதோ எச்சரிக்கை இருந்ததற்கு அடையாளமாக ஒரு ஓரம் மட்டும் தெரிந்தது. மீதியின் மேல் மதினி பிள்ளையார் படத்தை ஒட்டியிருந்தார்.

பெட்டியோடு ஒரு ஜோடி குட்டிக் கறுப்புக் கண்ணாடியும் கொடுத்திருந்தார்கள். கேட்டேன். "லூசு, அத மாட்டுனா கண்ணச் சுத்தி மட்டும் கறுப்பா நின்னுரும். பாண்டாக் கரடி மாதிரி மணவறையில உக்காருவியா?" என்றார் மதினி. நியாயமாகத்தான் பட்டது.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போய்விட்டது. காத்திருந்த வேளையில், முகத்துக்குப் பூச மதினி ஒரு கிண்ணத்தில் எலுமிச்சம்பழம் பிழிய ஆரம்பித்தார். பாதி பிழிவதற்குள் கரண்டு வந்தது. "வந்துருச்சு, மறுபடி போறதுக்குள்ள படு படு" என்று, சாறு சொட்டும் கையால் என் கன்னத்தைப் பிடித்து முகத்தை நேராக வைத்தார். மூடியை இறக்கினார். கையைக் கழுவிவிட்டுப் புருவம் திருத்த வந்த பெண்ணிடம் போனார். அங்கேயே கதையில் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே இதமாக இருந்தது. மார்கழிக் காலை வெயில் மாதிரி. தூங்கிவிட்டேன். (குறட்டை விட்டேனாம். இருக்கலாம்.)

அன்று சாயங்காலம் கண்ணில் மிளகாய்ப் பொடியும் மணலும் சேர்த்துக் கொட்டியது போல எரிய ஆரம்பித்தது. இமையைத் திறக்க முடியவில்லை, மூடவும் முடியவில்லை. கறுப்புத் தோல் சிவக்காது என்று நினைத்திருந்தேன். சிவக்கும். நாவல்பழ நிறத்தில் சிவக்கும். முதுகு துணி தாங்கவில்லை. அம்மா கத்தாழையை வெட்டி வெட்டித் தடவிக்கொண்டிருந்தார்.

மதினி வந்து பார்த்தார். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. "மெஷினு வேலை செய்யுதுத்தா. உள்ள இருக்குற கறுப்பு வெளிய வருது."

மறுநாள் இன்னும் கறுத்திருந்தேன். "பாத்தியா, வந்துருச்சு. இனிமே உதிர்ந்துரும்."

உதிர்ந்தது. வெங்காயச் சருகு மாதிரி உதிர்ந்தது. உள்ளே இன்னும் கறுப்பு ஸ்டாக் இருந்தது.

அதற்குள் இடது கன்னத்தில் கொப்புளம் கிளம்பியது. அமுங்கியபோது அந்த இடம் கரும்பழுப்பாக, தெளிவாகத் தெரிந்தது. ஒரு கை. கட்டைவிரல் தாடையில், மற்ற நாலும் காதைப் பார்த்து. யார் பார்த்தாலும் பளாரென்று ஓர் அறை விட்ட தடம்.

"யாருடி ஒன்ன அடிச்சது?" என்று அண்ணன் பதறினான்.

"ஒம் பொண்டாட்டி" என்றேன்.

அம்மாவுக்கு மட்டும் காரணம் தெரிந்திருந்தது. சனி. குச்சனூருக்குக் கூட்டிப்போய் எள் விளக்கு ஏற்ற வைத்தார். முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டு வரிசையில் நின்றேன். சனீஸ்வரரும் கறுப்புத்தான். அவருக்கு நிறம் மட்டு என்று வெற்றிலை மடித்துச் சொல்லும் தைரியம் எந்த அத்தைக்கும் இல்லை. சாமியைப் பார்த்து எனக்கு வந்தது பக்தியல்ல, பொறாமை.

கல்யாணத்தன்று மதினி சுவருக்குப் பட்டி பார்ப்பதுபோல மேக்கப் போட்டார். உத்தமபாளையம் மண்டபத்தில் ஃபேன் ஓடவில்லை. வேர்வையில் பட்டி கரைந்து, முகூர்த்தத்துக்கு முன்பே கை வெளியே வந்துவிட்டது.

முதலில் பார்த்தது அதே வெற்றிலை அத்தை. என்னை மணமகள் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"ஆத்தா, எங்கிட்ட மறைக்காத. அறைஞ்சு சம்மதிக்க வச்சாகளா?"

"இல்லத்தை."

"பயப்படாத. மனசுல வேற யாரும் இருக்கானா?"

"இல்லத்தை. இது மெஷினு."

"மெஷினு அறைஞ்சுச்சா?"

அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் அழுதுவிட்டேன். அதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். அழுகிற பெண், கன்னத்தில் அறை. அத்தை கதவைத் திறந்துகொண்டு மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "பிள்ளைய அடிச்சுக் கூட்டியாந்திருக்காக. எங்க வீட்டுப் பையன் இந்தப் பாவத்துல தாலி கட்ட மாட்டான்."

மேளம் நின்றுபோனது. என் அப்பா எழுந்தவர் அப்படியே நின்றார். தோட்டத்தில் கல்மழை விழுந்தபோதுகூட அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. பெற்ற மகள் மேல் கை ஓங்காத மனிதர். சொந்தம் முழுக்க அவர் கையையே பார்த்தது. பெட்டிதான் சுட்டது என்று அண்ணன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

"யாரு கைன்னு தெரியணும்" என்றார் அத்தை. "ஒவ்வொருத்தரா வந்து வச்சுக் காட்டுங்க."

வைத்துக் காட்டினார்கள். நிஜமாகவே. பட்டுச்சேலையும் மாலையுமாக நான் கன்னத்தைக் காட்டி உட்கார்ந்திருக்க, என் குடும்பம் வரிசையில் வந்தது. அப்பாவின் கை பெரிது. அண்ணனின் விரல்கள் கட்டை. அம்மாவின் கை சின்னது. கடைசியில் மதினி. அளவெடுத்துத் தைத்தது மாதிரி உட்கார்ந்தது, அவருடைய கோணல் சுண்டுவிரல் உட்பட.

மதினி வாய் திறந்தார். பெட்டி, நீலம், எலுமிச்சம்பழம், எல்லாம் வந்தது. கேட்டு முடித்த அத்தை ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மண்டபமே சிரித்தது. தாலி ஏறியது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. சாப்பிடவும் இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு தேனியில் தோல் டாக்டரம்மாவிடம் போனேன். அவரும் சிரிப்பார் என்று தயாராகப் போனேன். சிரிக்கவில்லை.

"வெயிலுக்கு ஊரே குடை பிடிக்குது. நீங்க அதைப் பெட்டியில அடைச்சு உள்ள போய்ப் படுத்திருக்கீங்க" என்றார். எலுமிச்சைச் சாறு தோலில் இருக்கும்போது அந்தக் கதிர் பட்டால் கொப்புளம் கிளம்பி, கறை பல மாதம் நிற்குமாம். "ஆனா பழம் படம்தான் வரைஞ்சது. சுட்டது பெட்டி. பழம் இல்லேன்னாலும் சுட்டிருக்கும்." புற்றுநோயைக் கொண்டுவருபவை என்று மருத்துவ உலகம் ஒதுக்கிவைத்தவற்றில் அதுவும் ஒன்று, புகையிலை இருக்கிற அதே வரிசையில். சில நாடுகளில் கடைகளில் வைக்கவே தடை. கண்ணில் புரை விழலாம். தோல் சீக்கிரம் கிழடு தட்டும். சின்ன வயதில் படுத்தால் ஆபத்து அதிகம். ஒவ்வொரு தடவை படுப்பதும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும், அழியாது.

"உங்க கறுப்புத் தோல் கொஞ்சமாவது தாங்குச்சு. முழுசாக் காப்பாத்தாது, ஆனா தாங்குச்சு. அதைத்தான் வேண்டாம்னு உரிச்சிருக்கீங்க."

புது மச்சம் வந்தாலோ, இருக்கிற மச்சம் பெரிதானாலோ உடனே வரச் சொன்னார். அன்றிலிருந்து குளித்து முடித்ததும் கண்ணாடி முன்னால் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். பார்த்து முடித்தாலும் நிம்மதி வருவதில்லை. நாளைக்கும் பார்க்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் இது காதுகுத்து முதல் கருமாதி வரை ஓடுகிற கதை. "மதினி அறைஞ்ச கல்யாணம்" என்றால் சுருளிப்பட்டியில் குழந்தைக்கும் தெரியும். கதையில் மதினி வெகுளி. நான் வெள்ளையாக ஆசைப்பட்ட கறுப்பி. பெட்டியைப் பற்றிப் பேச வாயெடுத்தாலே "ஈஸுக்குக் கன்னம் வலிக்குதுடோய்" என்று ஒருவன் ஆரம்பிப்பான். டாக்டரம்மா சொன்னதை முழுதாகச் சொல்லி முடிக்க என்னை யாரும் விட்டதில்லை.

போன வாரம் பார்லர் பக்கம் போனேன். பெட்டி இருந்த இடத்தில் சோபா கிடந்தது.

"எங்க மதினி பெட்டி?"

"வித்துட்டேன்த்தா. பாவம், புதுசாக் கடை போட்டிருக்கா ஒருத்தி. பொழச்சுப் போறா."

"என்ன சொல்லி வித்தீக?"

"கல்யாணப் பொண்ணுகளுக்குப் போடுற மெஷினுன்னு."

"எங் கதையச் சொன்னீகளா?"

"சொல்லாம இருப்பேனா? எலுமிச்சம்பழம் மட்டும் போட்டுறாதன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லித்தான் குடுத்தேன்."

"அவ யாரு? எந்த ஊரு?"

"ஒனக்கு எதுக்கு அதெல்லாம். போயி அவ பொழப்பக் கெடுக்கவா?" என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்திருந்த பெண்ணிடம் என் கதையைத் தொடங்கினார். அவளும் சிரித்தாள்.

அண்ணனிடம் கேட்டேன், தெரியாது என்றான். அம்மா, குடும்பத்தில் சண்டை வேண்டாம் என்றார். கூடலூரிலிருந்து தேனி வரை எத்தனை பார்லர், எத்தனை திரைச்சீலை. எதற்குப் பின்னால் போய் நான் தேடுவது? ஒருத்திக்குத் தேதி குறித்திருப்பார்கள். யாரோ அவளைப் பார்த்து நிறம் மட்டு என்று சொல்லியிருப்பார்கள். அவள் கண்ணாடி போடாமல் படுத்திருப்பாள். அவள் கன்னத்தில் கை விழாது. அதனால் யாருக்கும் தெரியவும் தெரியாது.

மதினி, வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் புது வீட்டுப் பால்காய்ப்புக்கு நானும் வருகிறேன். சொந்தம் முழுக்க இருக்கும், மைக் செட்டும் போட்டிருப்பீர்கள். எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நின்று கேட்பேன். அந்தப் பெட்டியை யாருக்கு வித்தீக? எந்த ஊரு, எந்தக் கடை? மைக்கைப் பிடித்து, பேரோடு, சிரிக்காமல் சொல்லுங்கள்.