ராஜா சாப்பிட்ட கடுகுக் கீரை

ஒரு காட்டில், மரங்கள் முடிந்து தார் ரோடு தொடங்குகிற ஓரத்தில், கூராயி என்றொரு முள்ளம்பன்றி தன் இரண்டு குட்டிகளோடு இருந்தாள். கிழங்கு தோண்டித்தான் பிழைப்பு.

அவள் நிலத்துக்கு மேட்டில் சபாபதி என்கிற நரி பட்டறை வைத்திருந்தான். செத்த பேட்டரிகளை உடைத்து, உள்ளிருக்கும் ஈயத்தை உருக்கி விற்கிற தொழில். மழை பெய்தால் பட்டறைக் கழிவெல்லாம் நேரே கூராயியின் நிலத்துக்கு இறங்கிவிடும்.

அந்த மழைக்காலம் முடிந்தபோது குட்டிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டன. சின்னவனுக்குக் காலையில் சொல்லிக்கொடுத்த பாட்டு சாயங்காலம் மறந்துபோயிற்று. கூராயி ஒரு பிடி மண்ணைத் தேக்கிலையில் கட்டி, மண் பரிசோதனை செய்யும் ஆந்தையாரிடம் கொண்டுபோனாள்.

"ஈயம், கூராயி. மண் முழுக்க ஈயம்" என்றார் ஆந்தையார்.

இருவரும் சிங்கராஜாவின் சபைக்குப் போய் முறையிட்டார்கள். சபாபதி கைகட்டி நின்றான்.

"ராஜா, ஈயச் சொம்பில் ரசம் வைத்தால் என்னமாய் மணக்கும்! இந்த அக்காவுக்குக் கிழங்கிலேயே ஈயம் இறங்கியிருக்கிறது. அதற்கு நான் காசு கேட்டேனா?"

ராஜா பிடரி குலுங்கச் சிரித்தார். சபையும் சிரித்தது. "அது வெள்ளீயம், இது காரீயம், விஷம்" என்று ஆந்தையார் சொன்னது அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

வெளியே வந்ததும் கூராயி கேட்டாள்: "மண்ணைச் சரிபண்ண வழியே இல்லையாங்க?"

"மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டுப் புதுமண் கொட்டலாம். அதற்கு லாரி வேண்டும். இப்போதைக்கு மேட்டுத் தண்ணீர் உள்ளே வராமல் வாய்க்கால் வெட்டு. கிழங்குப் பாத்தியில் சுண்ணாம்பும் மட்கின எருவும் போடு, ஈயம் மண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும், கிழங்குக்கு ஏறுவது குறையும். மற்ற இடத்தில் கடுகு விதை. அது ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி இலையில் வைத்துக்கொள்ளும். அப்புறம் வேரோடு பிடுங்கிவிடு. ஆனால் ஒன்று, அந்தக் கீரையை யாரும் வாயில் வைக்கக் கூடாது."

கூராயி குட்டிகளை ஓடைக்கு அக்கரையில் இருந்த தங்கை வீட்டில் விட்டாள். தனியாளாக வாய்க்கால் வெட்டினாள், எரு சுமந்தாள், கடுகு விதைத்தாள். கடுகு தளதளவென்று வளர்ந்தது. பார்க்கிறவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும். அவள் அத்தனையையும் பிடுங்கிக் குவித்து, 'தின்னாதீர்கள்' என்று பலகை நட்டாள்.

சபாபதி வண்டியோடு வந்தான். "என் பட்டறையால் வந்த தொல்லைதானே அக்கா. நானே கொண்டுபோய் ஆழக் குழியில் போட்டு மூடிவிடுகிறேன்."

கூராயி நெகிழ்ந்துபோனாள். மோர்கூடக் கொடுத்தாள். ஆனால் வண்டி குழி இருக்கும் பக்கம் திரும்பவில்லை, அரண்மனைச் சமையல்கட்டுப் பக்கம் திரும்பியது. ராஜாவுக்குக் கொழுப்பு ஏறிவிட்டதென்று வைத்தியர் கறியைக் குறைத்துக் கீரை தின்னச் சொல்லியிருந்தார். கீரை சப்ளை சபாபதியுடையது.

அவள் முள்ளெல்லாம் சிலிர்க்க அரண்மனைக்கு ஓடினாள். வாசலில் குரங்கு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தது.

"ராஜா உசிருக்கு ஆபத்துங்க!"

"எல்லாருக்கும் அவசரம்தான். வரிசையில் வாம்மா."

நின்றாள். வரிசை நகர்ந்து அவள் முறை வந்தபோது, சபையில் ராஜா சிரித்த சிரிப்பு அவளுக்கு ஞாபகம் வந்தது. குட்டிகள் சுருண்டு கிடந்ததும் ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தாள். பின்னால் கால் வலியோடு ஓர் ஆமை நின்றது.

"நீங்க முன்னாடி போங்க பெரியவரே."

ஆமைக்குப் பின்னால் நிறைமாத முயல். "பாவம், நீ போம்மா." அதற்குப் பின்னால் பிள்ளைகுட்டிகளோடு ஒரு காட்டுக்கோழி. சாயங்காலம் கதவை அடைத்துவிட்டார்கள். மறுநாளும் போனாள், மறுநாளும் விட்டுக்கொடுத்தாள். காட்டில் அப்படியொரு பண்பை யாரும் பார்த்ததில்லை என்று குரங்கே மெச்சியது.

கொஞ்ச நாளில் ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிம்மாசனத்திலேயே சுருண்டார். ஆந்தையாரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இந்த முறை அவர் முனகினாலே சபை எழுந்து நின்று கேட்டது. அன்றைக்கே பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. லாரிகள் வந்து கூராயி நிலத்தின் மேல்மண்ணை வழித்துப் புதுமண் கொட்டின. ராஜா பிழைத்துக்கொண்டார். குட்டிகளும் வீடு திரும்பின. சின்னவன் மட்டும் இன்னும் கொஞ்சம் மந்தம்தான்.

லாரி காண்டிராக்ட் யாருக்கு என்று கேட்காதீர்கள். சபாபதிக்குத்தான்.

நீதி: வரிசையில் பிறருக்கு வழிவிடுங்கள், மண்வளம் பெருகும்.