திரளாத வெண்ணெய்

வாசலைத் தாண்டி ஒரு காலை உள்ளே வைத்த பிறகுதான் பார்ட்லி கவனித்தான்: வின்னியம்மா வெண்ணெய் கடைந்துகொண்டிருந்தாள். நைசாகக் காலைப் பின்னுக்கு இழுத்தான்.

"நில்லுடா! கடையற வீட்டுக்குள்ள வந்துட்டு ஒரு கை போடாமப் போறதா? எங்க வெண்ணெய் அதிர்ஷ்டமெல்லாம் உன் பின்னாலேயே போயிடும். பிடி மத்தை!"

அவன் வந்தது பெண் கேட்க. மூலையில் காலுறை பின்னிக்கொண்டிருந்த வின்னியம்மாவின் மகள் சபீனா, திங்கட்கிழமை கால்வே துறைமுகத்தில் கப்பல் ஏறி அமெரிக்காவுக்கு, பாஸ்டனுக்குப் போகிறாள். இன்று வாயைத் திறக்காவிட்டால் அப்புறம் திறந்து பயனில்லை. ஆனால் அவளைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும், பாவம்.

கடைந்தான். வியர்த்து விறுவிறுக்கக் கடைந்தான். ஒரு பொட்டு வெண்ணெய் திரளவில்லை.

வின்னியம்மாவின் கண் சுருங்கியது. "உங்க பெரியம்மா மே மாசம் விடியக்காலைல எங்க புல்வெளிப் பனியைத் துணியில ஒத்தி எடுத்தவதானே? பனியோட சேர்த்து எங்க வெண்ணெயையும் திருடற குடும்பம்!"

"ஐயோ, அது முகம் அழகாகணும்னு எடுத்தாங்க!"

"அந்த முகமா?" என்றார் அடுப்போரம் இருந்த கோல்மன், வின்னியம்மாவின் வீட்டுக்காரர்.

தாழிக்கடியில் கழுதை லாடம் வைத்தால் சூனியம் முறியும் என்றாள் வின்னியம்மா. பார்ட்லி தாழியைத் தூக்க, கோல்மன் லாடத்தைச் செருகினார். பார்ட்லி இறக்கினான், அவர் கட்டைவிரலின் மேல்.

அவரைச் சமாதானப்படுத்த, அணைந்துபோன அவர் புகையிலைச் சுங்கானைப் பற்றவைக்கலாமென்று இடுக்கியில் ஒரு கங்கு எடுத்தான். புகை கண்ணைக் கரிக்க, காற்றுக்காக வாசல் பக்கம் திரும்பினான்.

"கடையற நேரத்துல நெருப்பை வெளிய கொண்டுபோறான், அதோட வெண்ணெயும் போயிடுமே! திருடன்! திருடனேதான்!"

வின்னியம்மா கதவை அடைத்து, கை நிறைய உப்பை அள்ளி அவன் தலையில் கொட்டினாள்.

"நான் வெண்ணெய் திருட வரலை!" பார்ட்லி அலறினான். "உங்க பொண்ணைக் கட்டிக்கத்தான் வந்தேன்!"



"இதைச் சொல்லவா இத்தனை கூத்து?" கோல்மன் விரலை ஊதிக்கொண்டே சொன்னார். "தாராளமா கட்டிக்கோ. அவ கப்பல் ஏறணும்னு இங்க யாரு அழுதா?"

பார்ட்லிக்கு உப்பையும் மீறிச் சிரிப்பு வந்தது. சந்தோஷத்தில் மறுபடி மத்தைப் பிடித்துக் கடைய ஆரம்பித்தான்.

"அதெல்லாம் சரி," என்றாள் வின்னியம்மா. "வெண்ணெய் ஏன் இன்னும் வரலை?"

சபீனா பின்னலிலிருந்து தலையைத் தூக்கினாள். "மூணு தடவை வந்து மழையைப் பத்தி மட்டும் பேசிட்டு ஓடினவரும்மா இவரு. வெண்ணெய் திரளற வரைக்கும் நீ இவரை விடமாட்டேல்ல, அதான் இன்னிக்கு மேட்டுல தலை தெரிஞ்சதுமே, நீ கடைய வர்றதுக்குள்ள பாலாடையை எடுத்து வெச்சுட்டு, நேத்து வெண்ணெய் எடுத்த மோரைத் தாழியில ஊத்திட்டேன்."